பச்சை உடம்புப் பாலம்

"மெதுவா ஊத்து குருவம்மா. பச்சப்புள்ளைக்கு ஊத்துற மாதிரி ஊத்து."

"அப்ப மூக்கப் புடிச்சுவிட்டு, சாம்பிராணியும் காட்டிட்டே போறேன். வேன்காரன் ஆரன அமுக்குறது கேக்குதா தலைவரக்கா? என்னைய விட்டுட்டுப் போயிட்டான்னா இன்னைக்குச் சம்பளத்த நீங்களா குடுப்பீக?"

"பஞ்சாயத்துல அம்புட்டுப் பணமா இருக்கு? இருந்ததெல்லாம் ஒங் காலுக்குக் கீழதான கெடக்கு."

குருவம்மாள் சட்டென்று காலை விலக்கிக்கொண்டு சிரித்தாள். அவள் நின்றது பாலத்தின் விளிம்பில். பாலத்தின் மேல் களிமண்ணால் பாத்தி கட்டி, ஈரச் சாக்கை விரித்திருந்தார்கள். குடத்துத் தண்ணீர் சாக்கில் இறங்கி, பாத்தி நிறைந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

பெரிய பாலம் என்று சொல்ல முடியாது. செவ்வூரணிக்கும் சிவகாசி ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஓடையின் மேல், ஒரு லாரி போகிற அகலத்துக்கு ஒரு தளம். பழைய பாலம் ஒன்று இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டை வளைத்து சோலார் கம்பெனி வந்தபோது கம்பியும் கல்லும் சோலார் தட்டும் ஏற்றிவந்த லாரிகள் அதன் மேல் ஏறி ஏறி, ஒரு நாள் அது நடுவில் இறங்கிவிட்டது. கம்பெனியைக் கேட்டால், ரோடு ஊராட்சி ரோடு என்றார்கள். மேலே கேட்டால், ஊராட்சி ரோட்டை ஊராட்சிதான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஊராட்சித் தலைவி செல்வலட்சுமி சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்து, வேறு வழி தெரியாமல், தெருவிளக்கு, குடிதண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு, அந்த வருசத்து நிதி முழுவதையும் இந்தத் தளத்தில் கொட்டினாள். இனி கொட்ட ஒன்றும் இல்லை. அவள் பதவியும் இந்த வருசத்தோடு முடிகிறது.

ஊரில் பாதிப் பெண்கள் வெடிக் கம்பெனிக்குப் போகிறவர்கள். பாலம் இறங்கிய நாளிலிருந்து கம்பெனி வேன் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தபோது முழங்கால் நனைய இறங்கி ஏறினார்கள். ஈரச் சேலையோடு போனவளை போர்மேன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஈரம் பட்டால் மருந்து சூடேறும். சூடேறினால் என்ன ஆகும் என்று செவ்வூரணியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கான்கிரீட் ஊற்றிய அன்றைக்குக் குருவம்மாள்தான் இரண்டு கொத்து வேப்பங்குழை ஒடித்து வந்தாள்.

"எதுக்குடி இது?"

"பெத்த வீட்டு வாசல்ல செருகுறதில்லையாக்கா? இதும் பச்ச ஒடம்புதான. அந்நிய ஆளு சட்டுனு உள்ள வந்துரக் கூடாது."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் பாலத்தின் இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டி, வேப்பங்குழையைத் தோரணமாகச் செருகிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள்கூடப் பாலத்தில் கால் வைக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் காய்ந்த ஓடைக்குள் இறங்கித்தான் ஏறினார்கள். காலையில் வேன் வரும் முன்னால் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம், சாயங்காலம் வந்து ஆளுக்கு ஒரு குடம்.

அன்றைக்குக் குருவம்மாள் வேனுக்கு ஓடிய பிறகு, ஓடைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு ஏறியது. உக்கிரபாண்டி. சோலாருக்கு நிலம் குத்தகை விட்டவர்களில் பெரிய கை. வார்டு மெம்பரும்கூட.

"என்ன தலைவரம்மா, புள்ளைக்கு ஊத்தி முடிச்சாச்சா? பேரு என்ன வைக்கப் போறீக?"

"உங்க பேரத்தான் வைக்கலாம்னு இருக்கோம். யாரு வந்து மிதிச்சாலும் அசையாம இருக்கணும்ல."

"நல்லா சொன்னீக. மிதிக்கிற ஆளு கெளம்பிட்டான். திருத்தங்கல் தாண்டி ஓரமா நிக்குது. இம்புட்டுப் பெரிய வண்டிய நான் பாத்ததில்ல. சக்கரத்த எண்ணவே முடியல. சோலாருக்கு டிரான்ஸ்பார்மராம். நாளைக்கு இங்கன வருதாம்."

"வராது. சித்திர முடியிற வரைக்கும் லோடு இல்லன்னு அந்த இன்சினீரு தம்பி கிராம சபையில சொல்லிருக்கு. அத நம்பித்தான கான்கிரீட்டே போட்டேன்."

"சொன்னத நானும் கேட்டேன். நின்னதையும் நானே பாத்தேன். எது நெசம்னு நீங்களே கேட்டுக்கோங்க."

செல்வலட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சோலார் கம்பெனியின் இன்ஜினியர் ஸ்ரீராம்குமார் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, லோடு வராதுன்னீகளே?"

"ஆமா மேடம், வராது. லைன் கனெக்‌ஷனே இன்னும் குடுக்கல. வைகாசியிலதான் லோடு."

"அப்பத் திருத்தங்கல்ல நிக்குறது?"

"அது டிரான்ஸ்பார்மர் மேடம்."

"எதுல நிக்குது?"

"டிரெய்லர்ல."

"ஏத்திக் கொண்டாந்து எறக்குவீகள்ல?"

"ஆமா மேடம்."

"அதுக்கு உங்க ஊர்ல என்ன தம்பி பேரு?"



"ஐயோ மேடம்... நான் லோடுன்னு சொன்னது கரண்ட்டை. சித்திரை முடியிற வரைக்கும் கரண்ட் போகாதுன்னு சொன்னேன்."

"எங்க ஊர்ல லோடுன்னா லாரிதான் தம்பி. சீசன்ல காதுல விழுற ஒரே வார்த்த அதுதான். லோடு ஏறிருச்சா, லோடு கெளம்பிருச்சா. புள்ளைக பேசக் கத்துக்கும்போதே அம்மா, அப்பா, லோடுன்னுதான் கத்துக்கும்."

"எனக்குத் தெரியாம போச்சே மேடம்."

"எனக்கும் தெரியாமப் போச்சே. ஒரு வாரமாப் பாலத்த ஒட்டித்தான ஜீப்புல போயிட்டு வாரீக. தண்ணி கட்டி நிக்கிறதப் பாக்கலையா?"

"பார்த்தேன். இருபத்தெட்டு நாள் ஆகணும்னும் தெரியும். பாலம் போட்டாச்சுன்னு ஆபீஸ்ல சொன்னதே நான்தான். இப்ப ஏத்தக் கூடாதுன்னும் சொன்னேன். வண்டி கிளம்பிடுச்சு, நிறுத்த முடியாதுன்னுட்டாங்க."

அவன் குரல் இறங்கிப் போயிருந்தது. அவளுக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பொழுது சாயும்போது இன்னொரு போன் வந்தது. மதுரை ஆபீஸிலிருந்து பெரிய சார். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் செல்வலட்சுமி "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் புருசன் ஊர்க்காவலன் வாசலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்க்காவலனுக்குக் காது கேட்காது. வெடிக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலையில் இருந்தான். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. அவன் பிழைத்தான், காது பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெடிக் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. சோலார்க்காரர்கள்தான் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை, பார்த்தால் போதும். நீலச் சட்டை, தொப்பி, மாதம் பிறந்தால் சம்பளம்.

"என்ன புள்ள சொன்னாரு?" தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவன் எப்போதும் உரக்கத்தான் பேசுவான்.

"கோயிலுக்கு ஆர்ச்சு கட்டித் தாராகளாம்!" அவளும் உரக்கச் சொன்னாள்.

"மார்ச்சா? அது முடிஞ்சு போச்சே."

"ஆர்ச்சுங்க! அம்மன் கோயில் வாசலுக்கு! வளைவு!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குருவம்மாள் குரல் வந்தது. "யாருக்கா கட்டித் தாரா?"

"சோலாருக்காரக! நாளைக்கு அந்த வண்டிய மட்டும் பேசாம விட்டுறணுமாம்!"

"ஆர்ச்சுல லைட்டு உண்டா?" இது எதிர்வீடு.

"எரியிற தெருவிளக்குக்கே கரண்ட்டு பில்லு கட்ட வழியில்ல, இவருக்கு ஆர்ச்சுல லைட்டு!" குருவம்மாள்தான். "அக்கா, ஆர்ச்சுக்குள்ள நொழஞ்சு வேலைக்குப் போக முடியுமா? பாலம் போதும்னு சொல்லுங்க!"

"அம்மனுக்குன்னு தாரத வேண்டாம்னு சொல்லலாமா?" என்றது எதிர்வீடு.

"அம்மனுக்கு ஏற்கனவே வாசல் இருக்கு. எங்களுக்குத்தான் வழி இல்ல!"

தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. செல்வலட்சுமி வீட்டில் ரகசியம் தங்காது என்று ஊரில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது குறையாகத் தோன்றியதில்லை. பதவிக்கு வந்ததிலிருந்து யார் என்ன தருகிறேன் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும், அவள் வீட்டுக்கு வந்து புருசனிடம் கத்திச் சொல்வாள். அதோடு அது ஊர் விசயம் ஆகிவிடும்.

ஆனால் அவளுக்கு வேறொரு பேச்சும் தெரியும். இப்போது அவன் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அவன் காது போன வருசத்தில், இரண்டு பேருமாகச் சேர்ந்து பழகிக்கொண்டது.

'உங்க வேலை போயிரும்.'

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான்.

"போனாப் போகுது!" என்றான் உரக்க.

"என்ன போகுதாம்?" என்றது எதிர்வீடு.

செல்வலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் வாயைக் கையால் பொத்தினாள். மறுபடி உதட்டை அசைத்தாள்.

'பெரிய சாரு அதச் சொல்லல. வீட்டுக்காரரு நம்ம கேட்லதான இருக்காருன்னு மட்டும் கேட்டாரு.'

அவன் அவள் கையை விலக்கினான். இந்தத் தடவை அவனும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தான். அவனுக்கு அது சரியாக வராது. பாதிச் சொல் காற்றாகவும் பாதிச் சொல் சத்தமாகவும் வந்தது.

"நீ... ஊத்துன தண்ணியெல்லாம்... யாரு புள்ள திருப்பித் தருவா?"

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் வண்டி வந்தது. முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒரு ஜீப். பின்னால் ஒரு வீட்டையே தூக்கி வைத்த மாதிரி டிரான்ஸ்பார்மர். அதன் கீழே வரிசை வரிசையாகச் சக்கரம். ரோட்டிலிருந்து திரும்பி, ஓடைக்கு அந்தப் பக்கம் பாலத்துக்கு நேராக வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

செல்வலட்சுமி இந்தப் பக்கம் கயிற்றுக்கு முன்னால் நின்றாள். வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண்கள் அவளுக்குப் பின்னால். உக்கிரபாண்டியும் வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தாரா, என்னவென்று அவர் முகத்தில் தெரியவில்லை.

டிரைவர் கீழே இறங்கினார். ஐம்பது தாண்டிய ஆள். கயிற்றையும் வேப்பங்குழையையும் பார்த்தார். அப்படியே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஓடைக்குள் இறங்கி ஏறி வந்தார்.

"காப்புக் கட்டியிருக்கீகளா தாயி? என்ன சாமி?"

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் உக்கிரபாண்டி சொன்னார். "ஆமாண்ணே. அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. கோயில் பொங்கல் முடியிற வரைக்கும் அந்நிய பாரம் எல்லையத் தாண்டக் கூடாது. அது எங்க ஊர் வழக்கம்."

செல்வலட்சுமி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். குருவம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கி ஓடி வந்த ஸ்ரீராம்குமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"திருவிழாவா மேடம்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே! சாமி விசயம்னா ஆபீஸ்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. வண்டியை ரோட்டோரமா நிறுத்திடறேன். எத்தனை நாள்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கயிற்றில் தொங்கிய குழையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். பாலம் பிழைக்கும், புருசன் வேலை பிழைக்கும், இந்தத் தம்பிக்கும் திட்டு விழாது. யாருக்கும் பொல்லாப்பு இல்லை.

"சொல்லுங்க தலைவரம்மா," என்று மெல்லச் சொன்னார் உக்கிரபாண்டி. "ஒரு மாசம்னே சொல்லுங்க. நான் சாட்சி."

"சாமி கேட்டா ஒதுங்குவீக," என்றாள் செல்வலட்சுமி. "ஊரு கேட்டா ஒதுங்க மாட்டீகளா தம்பி?"

"மேடம்..."

"இன்னைக்கு அம்மனக் கூப்பிட்டுக்கிறேன். அடுத்த வருசம் இன்னொரு வண்டி வரும். அப்ப யாரக் கூப்பிட? கருப்பசாமியவா? எத்தன சாமிய ரோட்டுக் காவலுக்கு நிப்பாட்ட?" அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "திருவிழா இல்லண்ணே. காப்பும் இல்ல. பாலத்துக்குப் பச்ச ஒடம்பு. அதுக்குத்தான் குழை செருகியிருக்கு."

"கெடுத்தாங்க காரியத்த," என்றார் உக்கிரபாண்டி.

டிரைவர் ஒரு நிமிசம் புரியாமல் நின்றார். பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து, பாலத்தின் ஓரத்தில் குந்தி, சாக்கின் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"என்னைக்கு ஊத்துனீக?"

"வந்த வெள்ளியோட ஒரு வாரம்."

அவர் சாக்கைப் பழையபடி இழுத்து மூடினார். எழுந்து வந்து ஸ்ரீராம்குமாரிடம் சொன்னார்.

"சார், நான் ஏத்த மாட்டேன்."

"திருவிழா இல்லன்னு சொல்றாங்களே கோட்டைச்சாமி."

"திருவிழாவா இருந்தா ஏத்தியிருப்பேன் சார். ஒரு தேங்காய ஒடச்சு, சூடத்தப் பொருத்தி, மன்னிச்சுக்க தாயின்னு கும்பிட்டுட்டு ஏறிப் போயிருப்பேன். எத்தன ஊர்ல போயிருக்கேன். சாமி மன்னிக்கும். இது மன்னிக்காது."

குருவம்மாள் உக்கிரபாண்டியைப் பார்த்து, "கேட்டீகளா சாட்சிக்காரரே?" என்றாள்.

"எனக்கென்னத்தா தெரியும், இவரு இம்புட்டுப் பக்திமான்னு," என்றார் அவர்.

பெண்கள் சிரித்தார்கள். கோட்டைச்சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எம் மகளுக்குப் போன வாரந்தாம்மா பொறந்துருக்கு. இன்னும் நேர்ல பாக்கல. போன்லதான் காட்டுனாக," என்றார்.

"என்ன புள்ளண்ணே?"

"பொம்பளப் புள்ள."

"தாயும் புள்ளையும் நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காக. படுக்கைய விட்டு எந்திரிக்க விடல எங்க வீட்டுக்காரி. ஒரு குடம் தூக்க விடல." அவர் பாலத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். "இது நல்லா எறுகுன பொறவும் ஒரு சாதா லாரிதான் தாங்கும் சார். எம் பாரத்துக்கு ஆகாது."

ஸ்ரீராம்குமார் தள்ளிப் போய்ப் போன் பேசினான். பேசப் பேச அவன் தோள் குறுகியது. கடைசியில் போனைக் கையில் நீட்டிக்கொண்டே வந்தான்.

"பெரிய சார் உங்ககிட்டப் பேசணுமாம் மேடம்."

போன் உரக்கப் பேசியது. எல்லோருக்கும் கேட்டது. இவ்வளவு பெரிய வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை எவ்வளவு தெரியுமா, அந்த வெயிட்டிங்கை யார் தலையில் போடுவது, ஊராட்சி கட்டுமா.

"ஞாயந்தானுங்க, கேக்க வேண்டியதுதான்," என்றாள் செல்வலட்சுமி. "நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். பழைய பாலம் உங்க லாரியில எறங்குச்சு. அதுலருந்து எங்க பொம்பளைக ஓடைக்குள்ள எறங்கி ஏறுறாக. நனஞ்ச சேலையோட போயி, கேட்டுக்கு வெளிய நின்னு திரும்பி வந்துருக்காக. அந்த வெயிட்டிங்க யார் தலையில போட்டீக?"

"அதுக்காகத்தான் ஆர்ச்சு..."

"ஆர்ச்சு வேண்டாம். உங்க தட்டு கழுவ எங்க போர்லதான் தண்ணி எடுக்கீக. மோட்டாரு எரிஞ்சா நாங்க மாட்டுறோம். உங்க லாரி ஓடுற ரோட்ட நாங்க போடுறோம். வீட்டுக்கு விருந்தாளி வந்தா சோறு போடுறது எங்க கடம. விருந்தாளி பொழுதன்னைக்கும் எங்கனயே இருக்கப் போறாருன்னா, அரிசி பருப்பு அவரும் வாங்கணும்ல?"

அவள் ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"ஓடை காஞ்சு கெடக்குங்க. பாலத்துக்குப் பக்கத்துலயே சரள் கொட்டி, இரும்புத் தகடு போட்டு, எறக்கி ஏத்திக்கோங்க. எடத்துக்கு ஊராட்சியில தீர்மானம் போட்டு, மேலயும் நானே சொல்லி வாங்கித் தாரேன். வேலையும் செலவும் உங்களோடது. மழைக்கு முன்னாடி சரள அள்ளிறணும். அப்பறம் வருசா வருசம் இந்த ரோட்டுக்கு உங்க பங்கு என்னன்னு கிராம சபையில வந்து உக்காந்து பேசணும். தனியா எனக்குப் போன் பண்ண வேண்டாம். எங்க வீட்டுல ரகசியம் நிக்காது."

"யோசிச்சுச் சொல்றோம்," என்றது போன். அணைந்தது.

அப்போதுதான் ஊர்க்காவலன் வந்து சேர்ந்தான். நீலச் சட்டை, தொப்பி, கையில் கேட்டுச் சாவி. கேட்டைப் பூட்டிவிட்டு நடந்தே வந்திருக்கிறான். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வந்து, பாலத்துக்கு முன்னால், செல்வலட்சுமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஜீப்பிலிருந்து செக்யூரிட்டி சூப்பர்வைசர் கத்தினார்.

"ஊர்க்காவலா! டூட்டி நேரத்துல இங்க என்ன பண்ற? எந்திரி!"

ஊர்க்காவலன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான்யா!"

செல்வலட்சுமி குனிந்து அவன் தோளைத் தொட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். 'கூப்பிடுறாரு.'

"தெரியும் புள்ள," என்றான் அவன், ஊருக்கே கேட்க. "வாய் அசையிறதப் பாத்தேன். எனக்குத்தான் காது கேக்காதே!"

அன்றைக்கு மத்தியானம் கோட்டைச்சாமிக்கும் கூட வந்தவர்களுக்கும் குருவம்மாள் வீட்டில் சோறு. ஸ்ரீராம்குமாரும் சாப்பிட்டான். கருவாட்டுக் குழம்பை அவன் தொட மாட்டான் என்று நினைத்து ரசம் வைத்தார்கள். அவன் குழம்பை இரண்டு தடவை வாங்கினான்.

மறுநாள் காலையில் பெண்கள் குடத்தோடு வந்தபோது, சோலார் கம்பெனியின் தண்ணீர் டேங்கர் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. டேங்கர்க்காரன் குழாயைப் பிடித்து, சாக்கின் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, இன்னைக்குத் தட்டு கழுவலையா?"

"தூசியோட கெடக்கட்டும்னுட்டாரு இன்ஜினியர் சாரு. பச்ச ஒடம்பு எந்திரிக்கிற வரைக்கும் தெனம் காலையில பாலத்துக்கு ஊத்தணுமாம்."

"மெதுவா ஊத்து," என்றாள் குருவம்மாள். "பாத்திய ஒடச்சுறாத. அது எங்க தண்ணிதான், பாத்துச் செலவழி."

ஓடையில் பாதை போட கம்பெனி ஒத்துக்கொண்டது. வண்டியை நிறுத்தி வைப்பதை விட அது செலவு குறைவு என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். மேலிடத்திலும் தடை சொல்லவில்லை. ரோட்டுப் பங்கைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிராம சபைக்கு ஆள் வரும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வருவார்களா, வந்தால் என்ன சொல்வார்கள் என்று செல்வலட்சுமிக்குத் தெரியாது. சரள் கொட்டித் தகடு போட்ட அன்று கோட்டைச்சாமி வண்டியைக் குழந்தை தவழ்வது போல இறக்கி, ஏற்றி, அந்தப் பக்கம் கொண்டு போனார். ஊரே நின்று பார்த்தது. பாலம் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

போகும்போது அவர் கேட்டார். "எம் பேத்திக்கு என்ன பேரு வைக்கலாம் தங்கச்சி?"

"எங்க வீட்டுக்காரரக் கேளுங்க. அவருதான் யோசன இல்லாம எதையும் பட்டுனு சொல்லுவாரு."

ஊர்க்காவலனுக்கு அந்த மாசத்தோடு வேலை இல்லை என்று செக்யூரிட்டி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீராம்குமார் இரண்டு தடவை பேசிப் பார்த்தான். நடக்கவில்லை. நீலச் சட்டையைத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான் ஊர்க்காவலன்.

"காது கேக்காதவன் வாட்ச்மேன் வேலைக்கு ஆக மாட்டானாம் புள்ள. இம்புட்டு நாளாப் பாத்துட்டு, இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காக."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதட்டை அசைத்தாள். 'என்னால போச்சு.'

"என்னது?"

'என்னால போச்சுங்கேன்.'

"ஒண்ணும் புரியல. நல்லா வாயத் தொறந்து சொல்லு."

அவனுக்குப் புரிந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பதவி முடியட்டும்," என்றாள் பிறகு, உரக்கவே. "நானும் குருவம்மா கூட வேனேறி வெடிச்சரம் பின்னப் போறேன். நீங்க சோறாக்கி வைங்க!"

"உப்பு அள்ளிப் போடுவாருக்கா!" என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

வைகாசியில் ஒரு காலை சாக்கை எடுத்தார்கள். பாத்தியை வெட்டிவிட்டுத் தளத்தைக் கூட்டினார்கள். ஊராட்சி ஓவர்சியர் வந்து தட்டிப் பார்த்து, "இனிமே வண்டி போகலாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வலட்சுமி வேன்காரனுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் ஊருக்குள் வந்து இறக்கிவிட்டுப் போகச் சொன்னாள்.

சாயங்காலம் அவளும் ஊர்க்காவலனும் இந்தக் கரையில் நின்றார்கள். உக்கிரபாண்டியும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். வேன் ரோட்டிலிருந்து திரும்பியது. மருந்துத் தூசி படிந்த முகங்கள் சன்னலில் தெரிந்தன. பாலத்துக்கு முன்னால் வந்து வேன் நின்றது.

"ஏம்ப்பா நிப்பாட்டிட்ட? ஏறி வா!" என்று கத்தினாள் செல்வலட்சுமி.

வேன்காரன் தலையை வெளியே நீட்டினான். "நான் நிப்பாட்டல தலைவரம்மா! இவுகதான் நிப்பாட்டச் சொல்லுதாக!"

கதவு திறந்தது. குருவம்மாள் இறங்கினாள். பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாப் பெண்களும் தூக்குவாளியோடு இறங்கினார்கள்.

"என்னடி, இங்கன எறங்குறீக? அதான் போகலாம்னு சொல்லியாச்சுல்ல?"

"மொத நாளுக்கா," என்றாள் குருவம்மாள். "அம்புட்டு வெயிட்டையும் ஒண்ணா ஏத்த வேண்டாம். நாங்க நடந்து வாரோம். வேன் காலியா பின்னால வரட்டும்."

ஓடைக்குள் இறங்காமல், தூக்குவாளி ஒன்றோடொன்று இடிபட, பேசிக்கொண்டே அவர்கள் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள். வேன் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஏறியது.

"எம்புட்டுப் பொம்பளைக," என்றார் உக்கிரபாண்டி. "எல்லாரும் சேந்தா அந்த வேன விட வெயிட்டா இருப்பாகளே."

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் செல்வலட்சுமி. "அவுகளுக்குக் கேக்கட்டும்."

ஊர்க்காவலன் இரண்டு பேர் உதட்டையும் பார்த்துவிட்டு, உக்கிரபாண்டிக்குப் பதிலாக அவர் சொன்னதை அவனே உரக்கச் சொன்னான். பாலத்தின் நடுவில் நின்று குருவம்மாள் தூக்குவாளியை ஓங்கினாள்.